ஒழுகாத கார்

மொன்றியால் தமிழர் பழங்கார்ச் சங்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். சாதாரண உறுப்பினர் என்று சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் சங்கத்துக்கு விதிகள் எழுதிய யாப்பு இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், சென்ட் லோரன்ட் பகுதியில் கார்கள் நின்ற களஞ்சியத்தின் சுவரில் அது தொங்கியது.

துஷாந்தினி அதை உரத்து வாசித்தாள்.

“ஒண்டு. மற்றவருடைய கார்ப் போர்வையைத் தொடலாகாது. இரண்டு. மே முதலாம் திகதிக்கு முன் காரை வெளியே எடுக்கலாகாது. மூண்டு. கார் இல்லாதவர் பதவி வகிக்கலாகாது. நாலு. களஞ்சியத்துக்குள் தும்மலாகாது.”

“நாலாவது அங்க இல்லை,” என்றார் அம்புறோஸ், திரும்பிப் பார்க்காமல்.

“எழுத மறந்திட்டினம் போல, அண்ணை.”

அம்புறோஸ் ஜோன் தலோன் வீதியில் டெப்பனர் என்கிற மூலைச் சில்லறைக் கடை ஒன்றுக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, முதல் கல்யாணம் உண்டா, சொன்ன உத்தியோகம் உண்மையா. துஷாந்தினி அவருடைய உதவியாள். அதற்கு முன் ஒன்பது வருடம் ஷாபனெல் வீதித் தொழிற்சாலையில் பெண்களுக்கான கோட்டுத் தைத்தாள். தொழிற்சாலை ஒருநாள் சீனாவுக்குப் போனது. அவளை அது கூட்டிக்கொண்டு போகவில்லை.

நேற்று, வெள்ளிக்கிழமை பின்னேரம், சிவநேசம் என்பவர் அலுவலகப் படியேறி வந்தார். இந்தக் களஞ்சியத்தின் காவலாளி. தலைவருடைய 1959 கடிலாக் காணாமல் போய்விட்டது. பூட்டு உடையவில்லை. திறப்பு சிவநேசத்திடம் இருந்தது. ஆகவே களவெடுத்தது சிவநேசம். சங்கம் இவ்வளவுதான் யோசித்திருந்தது.

சிவநேசத்துக்கு மனைவியும் ஒன்பது வயது மகளும் யாழ்ப்பாணத்தில். போரில் அங்கே போகும் பாதை பூட்டி நாலு மாதம். அவர்களைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் அலுவல் கடைசிக் கட்டத்தில் இருந்தது. இந்த நேரம் பொலிசில் ஒரு வழக்குப் பதிந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும்.

“பிள்ளைக்குக் கட்டிலும் செய்து வைச்சிட்டன்,” என்று மட்டும் அவர் சொன்னார்.

இப்போது அவர் களஞ்சியத்தின் கதவடியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே போர்வை மூடிய இரண்டு பெரிய உருவங்கள். மூன்றாவது இடம் வெறுமை. அங்கே மடிக்காத போர்வை ஒன்று தரையில் கிடந்தது.

தலைவர் தியாகலிங்கம் அந்த வெற்றிடத்தின் பக்கத்தில், செத்தவீட்டில் நிற்பவரைப் போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீடு விற்றுக் கொடுக்கும் முகவர். ஐம்பத்தேழு வயது. கழுத்துப்பட்டியில் கடிலாக் சின்னம்.

“ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மொடல்,” என்றார். “வால்செட்டை அந்த வருஷத்துக் காருக்குத்தான் ஆக உயரம். அதுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.”

“அந்தச் செட்டை என்ன செய்யும், ஐயா?” என்றாள் துஷாந்தினி.

“ஒண்டும் செய்யாது.”

“அப்ப என்னத்துக்கு?”

“ஒண்டும் செய்யாததுதான் பிள்ளை ஆடம்பரம்.”

துஷாந்தினி பக்கத்தில் நின்ற செயலாளரைப் பார்த்தாள். அவரும் தலையாட்டினார். ஒரேயொரு விஷயத்தில் இருவருக்கும் ஒற்றுமை.

செயலாளர் இரவிச்சந்திரன் கணக்காளர். அவருடையது 1962 லிங்கன். இன்னொரு உருவம் பொருளாளர் கணேசலிங்கத்தின் கார். அவர் ஒவ்வொரு பனிமாரிக்கும் புளோரிடாவுக்குப் போய்விடுவார். கார் குளிரில் இருக்கும்.

“இந்த வருஷம் எத்தினை கிலோமீற்றர் ஓடினியள்?” என்று அம்புறோஸ் கேட்டார்.

இரவிச்சந்திரனுக்கு முகம் மாறியது. “ஓடுறதோ?”

“கார் தானே.”

“மாரியில பனிக்குக் கொட்டி வீதி முழுக்க உப்பு. கோடையில வீதி வேலை, குழி. ஒக்டோபரில இலை.”

“இலையோ?”

“நனைஞ்ச இலை பெயின்ரில ஒட்டினால் கறை போகாது. முந்தி வருஷத்துக்கு ஒரு ஊர்வலம் போனனாங்கள். போன வருஷம் மழை வரும் எண்டு சொல்லிச்சினம். இந்த வருஷம் வீதி தோண்டிப்போட்டாங்கள்.”

“மழை வந்ததோ?”

“இல்லை. ஆனால் வரும் எண்டு சொன்னவை.”

“அப்ப தலைவற்ற காரை நீங்கள் கடைசியா எப்ப கண்டது?”

“இரண்டாயிரத்து நாலு செப்ரெம்பர். ஊர்வலத்தில.” இரவிச்சந்திரன் யாப்பைக் காட்டினார். “மற்றவையின்ர போர்வையை நாங்கள் தொடுறேல்லை. ஆனால் தலைவர் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தவறாமல் வருவார். தனிய இருந்து பொலிஷ் போடுவார். வாசம் வாசல் மட்டும் வரும்.”

அம்புறோஸ் காவலாளியிடம் திரும்பினார். “சிவநேசம், நீங்கள் எப்ப வேலைக்கு வந்தனீங்கள்?”

“போன வருஷம் ஒக்டோபர், அண்ணை.”

“அந்தக் கார் என்ன நிறம்?”

சிவநேசம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியாது. நான் போர்வையைத்தான் கண்டனான். ஐயாமார் வந்தால் என்னைக் கோப்பி குடிச்சிட்டு வரச் சொல்லுவினம். காரோட கதைக்கேக்க ஆள் நிக்கக்கூடாது.”

“நல்ல கள்ளன்,” என்றாள் துஷாந்தினி. “நிறம் தெரியாமல் கார் எடுத்திருக்கிறார்.”

“நடிக்கிறார்,” என்றார் இரவிச்சந்திரன்.

அம்புறோஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு காருக்குக் கீழேயும் ஒரு கார்ட்போர்ட் மட்டை விரித்திருந்தது. பழைய என்ஜின் எண்ணெய் ஒழுகும். லிங்கனின் மட்டையில் கறுப்பாக ஒரு குளம். பொருளாளரின் மட்டையில் இரண்டு குளம். தலைவரின் மட்டை கடையில் வாங்கிய அன்று போல் இருந்தது.

சுவரில் ஒரு கேடயமும் இருந்தது. ‘ஒழுகாத கார் – 2005.’ அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ‘ஒழுகாத கார் – 2006.’ இரண்டிலும் தியாகலிங்கத்தின் பெயர்.

“என்ஜினைப் பிள்ளை மாதிரிப் பாக்க வேணும்,” என்றார் தியாகலிங்கம். “சிலபேருக்கு அது வராது.”

இரவிச்சந்திரன் தன் மட்டையை மறைத்துக்கொண்டு நின்றார்.

துஷாந்தினி குனிந்து தரையில் கிடந்த போர்வையை எடுத்தாள். சங்கத்தார் மூன்று பேரும் ஒரே தையற்காரரிடம் தைப்பித்தவை. உட்பக்கம் சாம்பல் நிறப் பஞ்சுத்துணி. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பின்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பிறகு நாலு மூலையையும். மடித்து வைத்தாள்.

அவள் வழக்கம்போல் பகிடி விடாததை அம்புறோஸ் கவனித்தார்.

தியாகலிங்கம் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “சமூகத்துக்குள்ள பொலிஸ், வழக்கு எல்லாம் என்னத்துக்கு? நான் பெருந்தன்மையான ஆள். சிவநேசம், ‘என் கவனக்குறைவால் கார் களவுபோனது’ எண்டு இதில ஒரு கையெழுத்துப் போடும். வேலையை விட்டிட்டுப் போம். நான் கார் போன துக்கத்தோட இருந்திடுறன்.”

“அதெப்பிடி?” என்றார் இரவிச்சந்திரன். “நாளைக்குப் பத்து மணிக்குப் படக்காரர் வாறார். சங்கத்தின்ர பத்தாண்டு மலருக்கு மூண்டு காரும் போர்வை இல்லாமல் வேணும் எண்டு செவ்வாய்க்கிழமை தீர்மானம் எடுத்தனாங்கள். பத்து மணிக்குள்ள கார் வரேல்லையெண்டால் பொலிஸ். சங்கத்தின்ர பேர் கிடக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்டும் சொல்லுறன். பக்கத்து பிஸ்கற் தொழிற்சாலைக் காவலாளி கண்டிருக்கிறான். வியாழக்கிழமை காலமை இவர் பலகை கட்டிக்கொண்டு போனவராம். கார் ஏத்துறதுக்குப் பெட்டி அடிச்சிருப்பார்.”

“ஓம், பலகை எடுத்தனான்,” என்றார் சிவநேசம்.

தியாகலிங்கம் கேடயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அம்புறோஸின் டொயோட்டாவுக்குக் கதவடி முழுக்கத் துரு. ஓடும்போது கால் வைக்கிற இடத்தில் வீதி தெரியும். இரவு பெய்த பனியில் உப்புக் கொட்டியிருந்தார்கள். சிவநேசம் குடியிருந்த சென்ட் மிஷேல் போகும் வரைக்கும் அடியில் கரகரவென்று சத்தம்.

“இது ஓடுது,” என்றாள் துஷாந்தினி. “அதனால இதுக்குக் கேடயம் கிடையாது.”

“ஆர் எண்டு நினைக்கிறாய்?”

“இரவிச்சந்திரன். தலைவருக்குக் கார் இல்லையெண்டால் மூண்டாம் விதிப்படி தலைவர் பதவி போகும். மிச்சம் ஒராள் புளோரிடாவில. ஒரு வோட்டில வெல்லலாம். அதுவும் அவற்ற சொந்த வோட்டு.”

“பேந்து ஏன் போர்வையைப் பாத்து வாயை மூடினாய்?”

அவள் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டாள். “நீங்கள் ஒரு கோட்டுச் சட்டையை இரண்டு வருஷம் போட்டால் முழங்கை தேயும். எங்க உடம்பு முட்டுதோ அங்க துணி தேயும். உலகத்தில ஆக உயரமான செட்டை இரண்டு அந்தப் போர்வைக்குக் கீழ நிண்டதாம். அந்த இடத்தில ஒரு நூல் கலையேல்லை. மூலை நாலும் தேய்ஞ்சிருக்கு, நேர்க்கோடா. காருக்கு எங்க அண்ணை நேரான மூலை?”

சிவப்பு விளக்கு பச்சையாகியும் அம்புறோஸ் காரை எடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

சிவநேசம் இருந்தது ஒரு நிலக்கீழ் அறையில். மேல் யன்னலால் போகிறவர்களின் சப்பாத்து தெரிந்தது. ஒரு கதிரை, ஒரு அடுப்பு, சுவரோரமாக அவர் படுக்கும் மெத்தை. அறையில் பெறுமதியான பொருள் என்றால் அந்தச் சின்னக் கட்டில்தான். மேலே பிளாஸ்டிக் பிரிக்காத புது மெத்தை.

“இதுதான் அந்தப் பலகை,” என்றார். “வியாழக்கிழமை காலமை களஞ்சியத்துக் குப்பைத்தொட்டியடியில கிடந்தது. நல்ல பலகை. ஆரோ எறிஞ்சிட்டினம். பஸ்ஸில இரண்டு தரம் கொண்டுவந்தனான். களவு இல்லை, அண்ணை.”

“அதுக்கு முதல்நாள் பின்னேரம் களஞ்சியத்துக்கு ஆரும் வந்தவையோ?”

“தலைவர் ஐயா வந்தவர். புதன்கிழமை அவர் வாறேல்லை, ஆனால் அண்டைக்கு வந்தார். என்னைக் கோப்பி குடிக்க அனுப்பினார். இரண்டு மணித்தியாலம் கழிச்சு வரச் சொன்னார். நான் மூண்டு கோப்பி குடிச்சன்.”

துஷாந்தினி கட்டிலடியில் முழங்காலில் இருந்தாள். பலகை பளபளவென்று இருந்தது. யன்னல் வெளிச்சம் அதில் தெரிந்தது.

“நல்லாப் பொலிஷ் பண்ணியிருக்கிறியள்.”

“நான் பண்ணேல்லை, தங்கச்சி. கிடக்கேக்கயே அப்பிடித்தான். வழுக்கி வழுக்கி ஆணி அடிக்கப் பட்ட பாடு.”

அவள் மூக்கை வைத்து மணந்து பார்த்தாள். பிறகு பழைய ஆணி ஓட்டை ஒன்றுக்குள்ளிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தாள். சாம்பல் நிறப் பஞ்சு.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. சிவநேசம் பயந்துபோய் அம்புறோஸைப் பார்த்தார்.

“சிவநேசம்,” என்றார் அம்புறோஸ். “ஒரு பலகையைக் கழட்டித் தாங்கோ. நாளைக்குத் தாறம்.”

*

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இரவிச்சந்திரன் லிங்கனின் போர்வையை நீக்கியிருந்தார். கறுப்பு நிறம். நீளத்துக்கு முடிவு இல்லை. படக்காரர் விளக்குகளை வைத்துக்கொண்டிருந்தார். இரவிச்சந்திரன் அவருடைய மூச்சு காரில் படாதபடி இரண்டு தரம் தள்ளிநிற்கச் சொன்னார்.

தியாகலிங்கம் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். கையில் நேற்றைய தாள்.

“கார் வந்ததோ?” என்று இரவிச்சந்திரன் கேட்டார்.

“கொண்டுவந்திருக்கிறம்,” என்றார், துஷாந்தினியோடும் சிவநேசத்தோடும் உள்ளே வந்த அம்புறோஸ். “முழுக்க ஏத்த ஏலாது. ஒரு துண்டுதான்.”

துஷாந்தினி இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டாள். பலகையை அவற்றின் மேல் மேசை மாதிரி வைத்தாள். வாங்கிவந்த பெட்டியிலிருந்து கோப்பிக் கப்பை எடுத்தாள். ஊற்றியதில் கொஞ்சம் வழிந்து கப்பின் அடி ஈரம். அவள் அதை மெல்லப் பலகைக்குக் கொண்டுபோனாள்.

“வைக்காதேங்கோ!”

கத்தியது தியாகலிங்கம். படக்காரர் விளக்கை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஏன் ஐயா?” என்றாள் துஷாந்தினி, கப்பை அந்தரத்தில் பிடித்தபடி. “குப்பையில கிடந்த பலகை.”

“மெழுகில வட்டம் விழும்.” சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது.

“என்ன மெழுகு?” என்றார் இரவிச்சந்திரன். அவர் கிட்ட வந்தார். குனிந்தார். மணந்தார். அவருடைய முகத்தில் ஒரு கணக்குப் போய்க்கொண்டிருந்தது. “இது உங்கட பொலிஷ். சனிக்கிழமை வாசம்.”

அம்புறோஸ் போர்வையை எடுத்து வெற்றிடத்தில் போட்டார்.

“இதுக்குக் கீழ கார் இருக்கேல்லை,” என்றார். “பலகையும் பெட்டியும் அடுக்கி நிண்டது. அதுதான் மட்டையில ஒரு துளி எண்ணெய் இல்லை. சிவநேசம் வேலைக்கு வந்த நாளிலயிருந்து அப்பிடித்தான். மற்றவையின்ர போர்வையை ஒருத்தரும் தொடுறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். விதியை எழுதினதே நீங்கள். செவ்வாய்க்கிழமை போர்வை நீக்கிப் படம் எடுக்கிறது எண்டு தீர்மானம் வந்தது. புதன்கிழமை எல்லாத்தையும் கழட்டிக் குப்பையடியில வைச்சியள். வெள்ளிக்கிழமை கார் களவுபோச்சுது. சரியோ, ஐயா?”

தியாகலிங்கம் கழுத்துப்பட்டிச் சின்னத்தைத் தொட்டார்.

“போன வருஷம் மார்ச்,” என்றார். “நல்ல வெயில். ரொறொன்ரோவில இருந்து ஒராள் வந்தவர். அவரிட்டையும் ஐம்பத்தொன்பது இருக்கு. என்ர காரை ஒருக்கா ஓடிக் காட்டினால் என்ன எண்டு நினைச்சன். டெக்காரி வீதி இறக்கத்தில பிரேக் பிடிக்கேல்லை. மதில்.” அவர் கையால் காட்டினார். “பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். செட்டை ஒரு பக்கமாத் தொங்கிச்சுது.”

“மார்ச்சிலயோ!” என்றார் இரவிச்சந்திரன். “இரண்டாம் விதி!”

“தெரியும்.”

“உப்பில!”

“தெரியும் எண்டு சொல்லுறன்.”

துஷாந்தினிக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. “அதை இவைக்குச் சொல்ல வெக்கம். அந்த மனுசன்ர பிள்ளை அங்க கிடந்து சாகட்டும். அப்பிடியோ?”

“நான் பொலிசுக்குப் போகவேண்டாம் எண்டுதானே சொன்னனான்,” என்றார் தியாகலிங்கம். “ஒரு கையெழுத்துத்தான் கேட்டனான்.”

“ஒவ்வொரு சனிக்கிழமையும் பலகைக்குப் பொலிஷ் போட்டனீங்களோ?”

“வாசம் வராட்டில் சந்தேகப்படுவினம்.” அவர் பலகையைப் பார்த்தார். “முதல் இரண்டு கிழமை அதுக்காகத்தான்.”

அம்புறோஸ் நேற்றைய தாளை அவருடைய கையிலிருந்து எடுத்தார். திருப்பி, வெறும் பக்கத்தை மேலே வைத்துப் பேனாவையும் கொடுத்தார்.

“எழுதுங்கோ. கார் களவுபோகேல்லை. சிவநேசத்தில ஒரு பிழையும் இல்லை. எப்ப உடைஞ்சது, எங்க உடைஞ்சது எண்டும் எழுதுங்கோ.”

தியாகலிங்கம் லிங்கனின் பக்கம் திரும்பாமல், சுவரில் தாளை வைத்து எழுதினார். இரவிச்சந்திரன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பையைத் திறந்து சங்க முத்திரையை எடுத்துக் குத்தினார். பத்து வருடத்தில் அந்த முத்திரையால் ஒரு மனிதனுக்குப் பிரயோசனம் வந்தது அன்றைக்குத்தான்.

“ஒரு விஷயம்,” என்றார் இரவிச்சந்திரன், முத்திரையைத் துடைத்தபடி. “கார் இல்லாத காலத்தில குடுத்த கேடயம் செல்லாது. இரண்டு வருஷமும் ஆகக் குறைய ஒழுகினது என்ர கார்.”

அவர் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனார். கேடயங்களைக் கழற்றுவதற்கு.

சிவநேசம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நாலாக மடித்து உட்பையில் வைத்தார். அதற்குப் பிறகும் போகாமல் நின்றார்.

“ஐயா, அந்தப் பலகை.”

“என்ன?” என்றார் தியாகலிங்கம்.

“கட்டிலில ஒண்டு குறையுது.”

தியாகலிங்கம் பலகையைத் தூக்கினார். கொடுக்கப் போனவர் நின்றார். மேலே துஷாந்தினியின் விரலடையாளம். அவர் கோட்டுப் பையிலிருந்து மெல்லிய மஞ்சள் துணி ஒன்றை எடுத்தார். சின்னச் சின்ன வட்டமாகத் துடைத்தார். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். இன்னொரு தரம் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதைப் பார்த்து ஏதாவது சொல்லத் துஷாந்தினிக்கு வாய் வந்தது. எந்தப் பகிடியும் அதற்குக் குறைவாகப் பட்டது.

சிவநேசம் வெளியே போனார். களஞ்சியத்துக்கு முன்னால்தான் பஸ் தரிப்பு. உப்பும் பனியும் கரைந்து வீதியோரம் மண்ணிறக் கூழாகக் கிடந்தது. குளிர் அடித்தது. கழுத்துத்துணியைச் சுற்ற அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பலகையை நிமிர்த்தி அந்தக் கூழுக்குள் குத்தி நிறுத்தினார்.

கதவடியில் தியாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.